இருபத்துமூன்றாம் போர்ட்டில் பாதிப் பொட்டு

அக்டோபர் 3, வெள்ளி. விடுமுறைக்கு முந்தைய மாலை வகுப்பில் ஒரு நெட்வொர்க் சுவிட்சுக்கு ஏரியா எண் பூஜ்யம் என்றும் இன்னொன்றுக்கு ஒன்று என்றும் போட்டுவிட்டேன். இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. நானோ ஒயரைக் குறை சொன்னேன்.

மேக்ஸ்வெல் நாட்குறிப்பில் இவ்வளவு எழுதியபோது, அவன் வேலை பார்க்கும் ஹேமாவதியின் சிறு ஆவடி அலுவலகத்தின் வாசலில் ரெனிதா வந்து நின்றாள். மாலை வகுப்பில் அவனுக்கு மூத்தவள். திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை.

"ஹேமாக்கா, என்னை வேலையை விட்டுப் போகச் சொல்றாங்க."

"இன்னாது, உன்னையா?" மேக்ஸ்வெல் எழுந்தே விட்டான். ஹேமாவதி எழவில்லை. அந்தத் தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பராமரிப்பது அவளுடைய நிறுவனம்தான்.

"முதல்லேருந்து சொல்லு."

"செவ்வாய்க்கிழமை பழைய ஷெட் சுவிட்சுல ஓஎஸ்பிஎஃப் போட்டேன். புதுக் கட்டடத்தோட நல்லா பேசிச்சு. சாயங்காலம் ஆயுத பூசை. அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். லீவு முடிஞ்சு இன்னிக்கு வந்தா, பேச்சே இல்ல. நான் சேமிக்கலையாம், மெயினை அணைச்சதும் அழிஞ்சுபோச்சாம். கோகுல்நாத் சார் சொல்றார். அடுத்த மாசம் என்னை நிரந்தரம் பண்ணணும்க்கா."

"சேமிச்சியா?"

"சேமிச்சேன்."

ஹேமாவதி மடிக்கணினிப் பையை எடுத்துக்கொண்டாள்.

தொழிற்சாலையில் ரெனிதாவின் நாற்காலியில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பளபளவென்று புது அடையாள அட்டை. "என் மச்சினன் ராகேஷ்" என்றார் நெட்வொர்க் பொறுப்பாளர் கோகுல்நாத். "அவசரத்துக்கு இன்னிக்குக் காலையிலதான் கூப்பிட்டேன்." முதலாளி தமிழ்வாணனும் பின்னாலேயே வந்தார்.

பழைய ஷெட்டின் சுவிட்ச் அறையைக் கோகுல்நாத் திறந்தார். "சாவி என்கிட்ட மட்டும்தான் மேடம். பூசை அன்னைக்கு நானே பொட்டு வச்சு, மெயினை அணைச்சு, பூட்டினேன். இன்னிக்குக் காலையில நானேதான் திறந்தேன். வேற ஈ காக்கா நுழையல."

ஓஎஸ்பிஎஃப் என்பது சுவிட்சுகள் தமக்குள் வழி கேட்டு வழி சொல்லிக்கொள்ளும் முறை. ஒயர் செருகும் எந்தத் துளையில், அதாவது எந்த போர்ட்டில், பேசலாம் என்று நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாத போர்ட்டில் ஒயரைச் செருகினால் பச்சை விளக்கு எரியும். சுவிட்ச் மட்டும் வாய் திறக்காது.

ஹேமாவதி திரையைப் பார்த்தாள். "அழியல. எல்லாம் அப்படியே இருக்கு. இருபத்துமூணாம் போர்ட்."

"ஒயர் இருபத்துநாலுல கீதேக்கா" என்றான் மேக்ஸ்வெல்.

"பார்த்தீங்களா, தப்பான போர்ட்டுல எழுதியிருக்கா" என்றார் கோகுல்நாத்.

ஹேமாவதி கைபேசி விளக்கை அடித்துக் காட்டினாள். இருபத்துமூன்றாம் போர்ட்டின் விளிம்பில் சந்தனம், குங்குமம், பாதிப் பொட்டு. மறுபாதி, கீழே இருபத்துநான்கில் செருகியிருந்த ஒயரின் தலையில்.

"மேக்ஸ், மாத்திச் செருகு."

செருகினான். பொட்டு முழு வட்டமானது. ஒரு நிமிடத்துக்குள் திரையில் இரண்டு சுவிட்சுகளும் பேசத் தொடங்கின.

"பொட்டு வைக்கும்போது ஒயர் இருபத்துமூணுலதான் இருந்திருக்கு. ரெனிதா அதுக்கு முன்னாடியே போயாச்சு. ஈரத்துல பிடுங்கியிருந்தா சந்தனம் இழுபட்டிருக்கும். இது அப்பளம் மாதிரி உடைஞ்சிருக்கு. நல்லா காய்ஞ்சப்புறம், அதாவது இன்னிக்குக் காலையில மாத்தினது. சாவி யார்கிட்டன்னு நீங்களே சொல்லிட்டீங்க, சார்."

கோகுல்நாத் கர்ச்சீப்பைத் தேடினார். "மச்சினனுக்குச் சீட்டு போட்டாச்சு, மாமே" என்று முணுமுணுத்த மேக்ஸ்வெல்லுக்குச் சிரிப்பு பொங்கியது. வென்றுவிட்டோம் என்றே அவன் நினைத்தான்.

ரெனிதா சிரிக்கவில்லை. ராகேஷின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் அட்டைக்கு நான் ஒரு வாரம் காத்திருந்தேன்க்கா. முதலாளி சொன்னாத்தான் அச்சுக்கே போகும். இவரை இன்னிக்குக் காலையிலதானே கூப்பிட்டாங்க?"

எல்லாரும் தமிழ்வாணனைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நெட்வொர்க் வந்துடுச்சுல்ல? சந்தோஷம். அந்தப் பொண்ணுக்கு இந்த மாசச் சம்பளம் முழுசா குடுத்துடலாம். தப்பு அவமேல இல்லன்னே எழுதித் தரேன். நிரந்தரம்லாம் இப்ப தோதுப்படாது." பிறகு ஹேமாவதியின் பக்கம் திரும்பினார். "உங்க பராமரிப்பு ஒப்பந்தத்தை ஜனவரியில புதுப்பிக்கணும், இல்லையா மேடம்? நாளைக்கு யாரையாவது அனுப்பி ராகேஷுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுங்க."

ஹேமாவதி மடிக்கணினியை மூடினாள். அவளிடம் சம்பளம் வாங்குபவர்கள் நான்கு பேர். அவர்களில் மேக்ஸ்வெல்லும் ஒருவன். அவள் மறுப்பாள் என்று அவன் காத்திருந்தான்.

"அனுப்புறேன்" என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் ரெனிதா அவர்களைவிட்டுத் தள்ளியே நின்றாள். முதலில் வந்த பேருந்தில், அது எங்கே போகிறது என்றுகூடப் பாராமல் ஏறிக்கொண்டாள்.

அன்று மாலை மேக்ஸ்வெல் நாட்குறிப்பைத் திறந்தான். துப்பறிந்த விவரத்தை எழுதத் தொடங்கி, இரண்டு முறை அடித்தான். கடைசியில் ஒன்றை மட்டும் எழுதினான்.

நாளை, சனி: காலை ஒன்பது மணிக்குத் திருமழிசை. ராகேஷுக்கு ஓஎஸ்பிஎஃப் சொல்லிக்கொடுக்க வேண்டும்.