யானைப்புளியின் முதல் பூ

ஒவ்வொரு மாலையும் ஐரினின் அம்மா போனை எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

“முனிகிருஷ்ணன், மொட்டு விரிஞ்சதா?”

“இன்னும் இல்லை மேடம். நீங்க உடைஞ்ச காலைப் பார்த்துக்குங்க. மரம் எங்கேயும் ஓடிடாது.”

அம்மாவின் பெயர் பவுலின்; பெங்களூரில் ஒரு மரப் பூங்காவின் தோட்டக்கலை அதிகாரி. முனிகிருஷ்ணன் அங்கே தோட்டக்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பவுலின் ஒரு யானைப்புளிக் கன்றை, பூக்கப் பல வருடம் எடுக்கும் பாவோபாப் மரத்தின் கன்றை, நட்டாள். அவள் கல்யாணத்தின்போது அது தோள் உயரம் இருந்தது. ஐரின் பிறந்தபோது இரண்டு ஆள் உயரம். மைசூருக்குப் பெரிய பதவியில் மாற்றல் வந்தபோதுகூட, “இது ஒரு தடவை பூக்கட்டும், அப்புறம் போகிறேன்” என்று மறுத்துவிட்டாள். மழைக்காலம் வந்தாலே அண்ணாந்து பார்ப்பாள். வெறும் இலைதான் இருக்கும்.

இந்த வருடம் முதல் மொட்டு வந்தது. அதே வாரம் அம்மா மழையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் வீடு மாடியில் இருந்தது. மாவுக்கட்டோடு அந்தக் குறுகலான படிகளில் இறங்க முடியாது.

சனிக்கிழமை மாலை போன் வந்தது. “மேடம், விரியப் போகுது!”

அப்பா லாயிட் ஐரினை ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். நீளமான காம்பில் பெரிய வெள்ளைப் பூ தலைகீழாகத் தொங்கியது. அப்பா படம் எடுத்து அனுப்பினார்.

போனில் அம்மாவின் குரல் மெதுவாக வந்தது. “அழகா இருக்கு. வாசனை எப்படி, ஐரின்?”

ஐரின் எம்பி எம்பி மூக்கை நீட்டினாள். “எட்டலையே மம்மி.”

“பரவாயில்லை கண்ணு.”

ஆனால் அந்தக் குரலில் பரவாயில்லை என்பதே இல்லை.

முனிகிருஷ்ணன் ஏணியோடு வந்தார். “மேடத்துக்கு இல்லாத பூவா? பறிச்சுத் தரேன் பாப்பா.”

ஐரின் ஆசையாகக் கையை நீட்டினாள். அப்போது படபடவென்று ஒரு வௌவால் பூவைச் சுற்றியது. ஆட்களைப் பார்த்ததும் விலகிப் போனது.

“இது எதுக்கு வருது அங்கிள்?”

“தேன் குடிக்க. அது வந்து போனாத்தான் காய் பிடிக்கும்.”

ஐரின் கையை இழுத்துக்கொண்டாள். “அப்போ பறிக்காதீங்க. பூ நாளைக்கு என்ன ஆகும்?”

“வாடித் தானா விழும். கீழே முழுக்கச் சேறு. விழுந்தா வீணாப் போயிடும்.”

மறுநாள் பூசையில் ஐரின் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். ‘இயேசுவே, நான் போகும்வரை அது விழாமல் பார்த்துக்கொள்ளும்.’ மறந்துவிடுவாரோ என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

பூசை முடிந்ததும் நேரே பூங்காவுக்கு ஓடினார்கள். பூ ஓரங்களில் பழுப்பேறி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஐரின் அப்பாவின் கறுப்புக் குடையை விரித்து, தலைகீழாகப் பிடித்தபடி மரத்தடியில் நின்றாள்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் சிரித்தார். “மழையைப் பிடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறியாம்மா?”

“இல்லை அங்கிள், பூவை.”

கை வலித்தது. அப்பா கொஞ்ச நேரம் பிடித்தார். மறுபடியும் ஐரின் பிடித்தாள். வெயில் உச்சிக்கு வந்தபோது, ‘தொப்’ என்று ஒரு சத்தம். குடைக்குள் பூ கிடந்தது!

வீட்டில் அம்மா இரண்டு கைகளிலும் அதை வாங்கினாள். கண்களை மூடி முகர்ந்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

அப்பாவும் முகர்ந்தார். “சே! நனைஞ்ச சாக்ஸ் மாதிரி இருக்கே! இதுக்கா இத்தனை வருஷம் காத்திருந்தே?”

“கெட்ட வாசனைன்னு புத்தகத்தில் படிச்சேன். நம்பவே இல்லை” என்றாள் அம்மா. சிரிக்கச் சிரிக்க அவள் கண்களில் நீர் வழிந்தது. ஐரினை இழுத்து அணைத்துக்கொண்டு, பூவை இன்னொரு தடவை முகர்ந்தாள்.

அன்று இரவு அந்தப் பூ அம்மாவின் தலைமாட்டில், ஜெபமாலைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா மட்டும் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தார்.