சிறுநீருக்கு ஒரு செல்ஃபி!

"அய்யோ...!"

ஏழாவது மாடியையே உலுக்கியது அந்த அலறல்.

அலறியது சேர்மனின் மனைவி. அவள் எதிரே, சுழல் நாற்காலியில், வாய் பிளந்தபடி சேர்மன்.

பிணமாக!

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கப். அதில் பாதிக்குச் சிறுநீர். ஒட்டினாற்போல் ஒரு தட்டு. அதில் கடித்து வைத்த கேக். ஒரே ஈ இரண்டின் மேலும் மாறி மாறி உட்கார்ந்து விருந்துண்டது.

சேர்மனின் கையில் செல்போன். திரையில் பச்சை எழுத்துகள்.

'சர்க்கரை: நார்மல். இன்றைய நாள் இனிய நாள்!'

பின்சுவரில் ஆளுயர விளம்பரம். அதிலும் சேர்மன்தான். முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

'ஊசி இல்லை! வலி இல்லை! லேப் இல்லை! உங்கள் சிறுநீர்... உங்கள் செல்போன்!'

இன்ஸ்பெக்டர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான் சார்..." மனைவி விசும்பினாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்..."

"நடிக்காதீங்க அண்ணி!"

பாய்ந்து வந்தவன் சேர்மனின் தம்பி. கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர். கழுத்தில் டை. முகத்தில் பவுடர். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

"சார், அந்த கேக் இவங்க கொண்டுவந்தது! விஷம் வெச்சிருக்காங்க! ரெண்டு பேருக்கும் எப்பவும் சண்டை!"

"சண்டை எதுக்குடா? ஊசியை நிறுத்தாதீங்கன்னுதானே கத்தினேன்! வருஷக்கணக்கா இன்சுலின் போட்டவர் சார். போன் நார்மல்னு சொல்லுதாம். ஒரு வாரமா ஊசியைத் தொடலை. கேக்கும் அவரே கேட்டதுதான்!"

"எங்க போன் பொய் சொல்லாது சார். அவார்டு வாங்கின டெக்னாலஜி! சர்க்கரை நார்மல்னா... அப்புறம் விஷம்தானே?"

இன்ஸ்பெக்டர் ஜாடை காட்டினார். பெண் போலீஸ் விலங்கை எடுத்தாள்.

"சார்... வீட்ல சின்னப் பொண்ணு இருக்கா சார்! நான் ஜெயிலுக்குப் போனா அவளை யார் பார்த்துப்பாங்க?"

தம்பி கைக்குட்டையால் வாயை மூடினான். அழுவதற்காக அல்ல.

இன்ஸ்பெக்டர் பிணத்தின் வாயருகே குனிந்தார். முகர்ந்தார். முகம் கோணியது.

அழுகின பழ வாடை!

"சே...! என் மாமனார் போனப்பவும் இதே நாத்தம்தான். ஊசி போடாம சர்க்கரை ஏறிச் செத்தார். விலங்கை உள்ள வைம்மா."

தம்பியின் பவுடர் லேசாக வியர்த்தது.

"மிஸ்டர் டைரக்டர், கப் பக்கத்துல கிடக்கிற இந்தக் குச்சி என்ன?"

"ஸ்ட்ரிப் சார். கப்ல நனைச்சு கேமராவுல காட்டணும். நிறத்தை வெச்சு போன் ரிசல்ட் சொல்லும். சர்க்கரை ஏற ஏறக் காபிக்கொட்டை நிறத்துக்குப் போகும்."

இன்ஸ்பெக்டர் ஸ்ட்ரிப்பைப் பார்த்தார். காபிக்கொட்டை!

போனில் அதே ஸ்ட்ரிப்பின் படத்தைப் பார்த்தார். இளம்பச்சை!

"நேர்ல ஒரு நிறம், போட்டோவுல ஒரு நிறம். கல்யாணத் தரகர் காட்டுற படம் மாதிரி இருக்கே!"

"அது... காய்ஞ்சா கறுத்துடும் சார்."

"அப்படியா?"

அதே ஆப்பின் கேமராவைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார் இன்ஸ்பெக்டர். க்ளிக்!

அம்மைத் தழும்புகளைக் காணோம். கன்னம் ரோஜா. பத்து வயது குறைந்து பளபளத்தார்.

"அழகு ஃபில்டர்! அடப்பாவிகளா... மூஞ்சிக்குப் போடுறதை மூத்திரத்துக்குப் போட்டிருக்கீங்களேடா!"

"டெக்னிக்கல் கோளாறா இருக்கும் சார். சத்தியமா எனக்குத் தெரியாது!"

"கையை நீட்டு."

நீட்டினான். விரல் நுனிகள் சல்லடையாக இருந்தன.

இன்ஸ்பெக்டர் அவன் கோட்டுப் பைக்குள் கை விட்டார். வெளியே வந்தது... விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் பழைய மிஷின். ஊசியோடு!

"உனக்கும் சர்க்கரை. ஊருக்கெல்லாம் போன், உனக்கு மட்டும் ஊசி! தெரியாதாம்ல?"

தம்பி நாற்காலியில் சரிந்தான்.

"ஃபில்டர் போடச் சொன்னதே அண்ணன்தான் சார்! நார்மல்னு வந்தாத்தான் ஜனங்க ஸ்டார் குடுக்கிறாங்கன்னு சொன்னார். வித்த ஆப் எல்லாத்துலயும் ஃபில்டர். அவர் போன்ல மட்டும் சுத்தமான ஆப். அதை எடுத்துட்டு... போன வாரம் ஊருக்கு விக்கிறதை ஏத்திட்டேன். அந்த சீட் எனக்கு வேணும் சார்..."

சட்டென்று நிமிர்ந்தான்.

"ஊருக்கு வித்த சரக்கைத்தானே அண்ணனுக்கும் குடுத்தேன்? இது கொலையா சார்?"

"அப்ப ஊருக்கு வித்ததுக்கு என்னடா பேரு?"

பெண் போலீஸ் விலங்கை மறுபடி வெளியே எடுத்தாள்.

மனைவியின் அழுகை நின்றது. விளம்பரத்தைப் பார்த்தாள். பிணத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் வித்திருக்கார்..."

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி விட்டாள். கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பெண்ணைப் பார்க்க வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஸ்டேஷனில் தம்பியைப் போட்டோவுக்கு நிறுத்தினார்கள். அவன் தலையைக் கோதினான். டையைச் சரிசெய்தான்.

"சார்... நியூஸ்ல வரும். கொஞ்சம் நல்லா விழற மாதிரி..."

இன்ஸ்பெக்டர் கேமராக்காரரின் தோளைத் தட்டினார்.

"ஃபில்டர் போடாம எடுய்யா... குமட்டினா வாளி அந்தப் பக்கம் இருக்கு!"