காலணிக்குள் கண்ணாடி

நீதிமன்ற அழைப்பாணையை வெர்னானின் மேசைமீது வைத்த ஆர்லிஸ் தோர்ஸன், எலுமிச்சைக் கேக் இருந்த தட்டை அதன்மேலேயே வைத்தார். வடக்கு டக்கோட்டாவின் அந்தச் சிற்றூரில் எவரும் வெறுங்கையோடு அடுத்தவர் வாசலை மிதிப்பதில்லை. வழக்கில் சிக்கியவர்களும் அதற்கு விலக்கல்லர்.

"கெர்டா என்மேல கேஸ் போட்டிருக்காங்க, வெர்ன். அவங்க மகனை நான் அநியாயமாச் சுட்டுட்டேனாம். தோத்தா என் வீடு போயிடும்."

வெர்னான் ஸ்கோக்லண்ட் இருபத்தாறு ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனமொன்றுக்காக விபத்துகளைத் துருவியவர். இப்போது வழக்கறிஞர்களுக்காகத் துருவுகிறார். அவருடைய கூட்டாளி டோரீன், ஓய்வுபெற்ற தபால் அலுவலர். வண்டியை ஓட்டுவதும் வெர்னானுக்கு முன்பே முடிவுக்கு வருவதும் அவருடைய வேலைகள்.

நடந்ததை ஊரே அறியும். மார்ச் மாதத்தில், பனி உருகிச் சேறாகியிருந்த ஒரு பிற்பகலில், ஆர்லிஸின் தங்கை ஜோலினுடைய முன்னாள் கணவன் டுவேன், ஆர்லிஸின் சமையலறையில் குண்டடிபட்டு இறந்தான். பின்கதவின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்து வந்தான், என்னை நெருங்குமுன் சுட்டேன் என்றார் ஆர்லிஸ். அரசுத் தரப்பு அதை ஏற்றுக் குற்றவழக்குத் தொடராமல் விட்டது. ஆனால், இறந்தவனின் தாய் இழப்பீடு கேட்டுத் தனி வழக்குத் தொடுப்பதை அது தடுக்காது. தடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: வீட்டை உடைத்து நுழைந்தவனைச் சுட்டவர் உயிருக்கு அஞ்சியே சுட்டார் என்று அம்மாநிலச் சட்டம் தானாகவே கொள்ளும். ஆகவே, எல்லாம் அந்தக் கதவைப் பொறுத்திருந்தது.

"இது ஒரு புதிரா?" என்றார் டோரீன். "பிரேதத்தோட வந்த சாமான் பட்டியலைப் பாரு. வலது பூட்ஸுக்குள்ள கண்ணாடிச் சில்லு அஞ்சு. உடைச்சவன் அவன்தான். கேக்கைச் சாப்பிட்டுட்டு வேலையைப் பார்ப்போம்."

"சாப்பிடலாம். ஆனா, சில்லு பூட்ஸ்மேல இல்ல, டோரீன். உள்ள இருக்கு."

மறுநாள் காலை இருவரும் ஆர்லிஸின் வீட்டுக்குச் சென்றனர். ஆர்லிஸ் பின்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் ஒரு சிற்றறை. கதவுக்கு நேர்கீழே ஒரு பாய். வெர்னான் குனிந்து நாடாவை அவிழ்த்துக் காலணிகளைப் பாயில் வைத்தார். டோரீனும் பேச்சை நிறுத்தாமலேயே அவ்வாறு செய்தார். கழற்றுங்கள் என்று எவரும் சொல்லவில்லை.

வெர்னான் சமையலறையை இருமுறை நடந்து அளந்தார். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த ஒரு துண்டுத்தாளை நின்று படித்தார். பிறகு காவலர் எடுத்த முதல் படத்தை மேசைமீது வைத்தார்.

"டுவேனோட பூட்ஸ் அடியில அப்பின சேறு. கதவுலருந்து அவன் விழுந்த இடம் ஒன்பது எட்டு வைக்கிற தூரம். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னால எடுத்த படம் இது. இந்த வெள்ளைத் தரையில ஒரு தடம் காட்டு, பார்க்கலாம்."

டோரீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். "துடைச்சிருப்பாங்க."

"பிணத்தைப் பக்கத்துல போட்டுக்கிட்டா?"

வெர்னான் சாமான் பட்டியலை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

"கணுக்காலுக்குமேல நாடா கட்டின பூட்ஸ் அது. பாதத்துக்கு அடியில சில்லு எப்படிப் போகும்? போயிருந்தா ஒன்பது எட்டு வைக்கிறதுக்குள்ள உள்ளங்கால் கிழிஞ்சிருக்கும். காலுறையில ஓட்டைகூட இல்லன்னு அதே பட்டியல் சொல்லுது. கண்ணாடி உடைஞ்சப்ப அந்த பூட்ஸுக்குள்ள கால் இல்ல. நம்ம பூட்ஸ் இப்ப இருக்கிற இடத்துல, வாயைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம்தான் யாரோ மாட்டிவிட்டிருக்காங்க." அவர் ஆர்லிஸைப் பார்க்காமலே பேசினார். "கதவை உடைக்க வர்றவன் பூட்ஸைக் கழட்டி வைக்க மாட்டான். விருந்தாளிதான் வைப்பான்."

ஆர்லிஸ் நாற்காலியில் அமர்ந்தார்.

"கதவைத் தட்டினான். வெளியில நிக்க வைக்க மனசு வரலை, காபி ஊத்தினேன். ஜோலின் எங்க இருக்கான்னு கேட்டான். சொல்லலை. கழுத்தைப் பிடிச்சான். முதுகுக்குப் பின்னால டிராயர். அதுலதான் துப்பாக்கி."

"அப்ப அது தற்காப்புதானே!" டோரீன் கத்திவிட்டார். "நல்லா இருந்த கதவை எதுக்கு உடைச்சுத் தொலைச்சீங்க?"

ஆர்லிஸ் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். "உடைச்சுட்டு வந்தவனைச் சுட்டா கேஸே வராதுன்னு அதுல போட்டிருக்கு. காபி குடுத்து உட்கார வச்சவனைச் சுட்டா என்ன ஆகும்னு போடலை."

ஒரே பிற்பகலில் துப்பாக்கிப் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வழங்கியவர்கள் அந்தத் தாளை அச்சிட்டிருந்தார்கள். உள்ளே அழைக்கப்பட்டவனே தாக்கினாலும் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால், அதை மெய்ப்பிக்க வேண்டும். சட்டத்தின் இந்த மறுபாதிக்குத் தாளில் இடமில்லை. தோட்டா விற்பனை விளம்பரத்துக்கு இடமிருந்தது.

"கழுத்துல தடம் இருந்திருக்குமே?" என்றார் வெர்னான்.

"பத்து நாள் இருந்துச்சு. துணியைச் சுத்தி மறைச்சேன். கிட்ட வர்றதுக்கு முன்னாலயே சுட்டேன்னு சொன்னவ, கழுத்தை எப்படிக் காட்டுறது?"

"உங்களைக் காப்பாத்த வேண்டிய அடையாளத்தை மறைச்சுட்டு, கவுக்கிற அடையாளத்தை நட்டு வச்சிருக்கீங்க. நான் படிச்ச பட்டியலை நாளைக்கு கெர்டா தரப்பு ஆளும் படிப்பான். இன்னிக்கே வக்கீல்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஜோடிச்சதுக்குத் தனியா கேஸ் வரலாம். வீடும் போகலாம்."

"சொன்னா என்ன மிஞ்சும், வெர்ன்?"

"நடந்தது மிஞ்சும்."

மூன்று வாரங்களுக்குப் பிறகு, விசாரணைக்கு முந்தைய வாக்குமூலத்துக்காக வழக்கறிஞர் அலுவலகத்தில் இருதரப்பாரும் கூடியிருக்க, ஆர்லிஸ் உறுதிமொழி எடுத்துக்கொண்டு கதவையும் காலணியையும் பற்றிய உண்மையைச் சொன்னார். சுருக்கெழுத்தாளர் ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரால் மகிழ்ச்சியை மறைக்க இயலவில்லை.

"கழுத்தைப் பிடிச்சான்கிறதுக்குச் சாட்சி?"

"இல்ல."

"பிடிக்கிறப்ப மிரட்டினானா? ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலை. எண்ணினான். ஒண்ணு, ரெண்டுன்னு நிதானமா. ஏழுல சுட்டேன்."

மேசையின் மறுமுனையிலிருந்த கெர்டா, அதுவரை ஆர்லிஸை ஏறெடுத்தும் பார்க்காதவர், நிமிர்ந்தார். "பூட்ஸைக் கழட்டி வச்சானா?"

"நீங்க பேசக் கூடாது" என்றார் அவருடைய வழக்கறிஞர்.

"வச்சான், கெர்டா. ரெண்டையும் சேர்த்து, ஒழுங்கா."

"அது நான் கத்துக்குடுத்தது." கெர்டாவின் கை தம் சட்டைக் கழுத்துப்பட்டைக்கு ஏறி அங்கேயே நின்றது. "கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பத்து வரைக்கும் எண்ணுறது, அவங்கப்பன் கத்துக்குடுத்தது."

வழக்கறிஞர் எழுந்தார். சுருக்கெழுத்தாளர் விரல்களை அந்தரத்தில் நிறுத்தி, எவரைக் கேட்பதென்று தெரியாமல் விழித்தார்.

"எழுதிக்கம்மா" என்றார் கெர்டா.