நிலை வைத்த வண்டி

1947 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூர்–அரியலூர் சாலையில், குன்னத்துக்கு அருகே, சக்கரம் வைத்த வீடு ஒன்று கரிசல் சேற்றில் புதைந்து நின்றது.

அதன் பின்னால் விதை வெங்காய மூட்டைகளோடு ஒரு மாட்டு வண்டி. ஓட்டி வந்தவள் கொளஞ்சியம்மாள். மூட்டைகளின் மேல் அவள் அப்பா பிச்சைமுத்து.

"யோவ்! நடுரோட்டுல எவன்யா வூடு கட்டி வெச்சிருக்கறது?" என்று கத்தினாள் கொளஞ்சி.

ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "கட்டலைங்க... அமுந்திடுச்சு."

"அப்ப தூக்கி ஓரமா வைக்கிறது!"

அவன் பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விதை வெங்காயம் நனைந்தால் அழுகிப்போகும். கேட்காமலே இறங்கி வந்து மூட்டைகளைத் தன் வீட்டுக்குள் ஏற்றினான். பிறகு மூவரும் அவற்றின் மேல் உட்கார்ந்தார்கள்.

அவன் பெயர் உத்திராபதி. சந்தைக்குச் சந்தை போய்க் கண் பார்த்து மூக்குக்கண்ணாடி விற்பவன். தொழிலுக்காக எத்தனையோ கண்களைப் பார்த்தவன். எதிரே இருந்த கண்கள் கறுத்து, பெரிதாக, இமையில் மழைத்துளியோடு இருந்தன... பார்வையில் கோளாறு இல்லை. மறுபடியும் பார்த்தான். அதற்குத் தொழில் காரணம் எதுவும் இல்லை.

கொளஞ்சி சுவரைத் தட்டிப் பார்த்தாள். "குலுக்கல்ல பிரிஞ்சிடாதா?"

"ஆணின்னா கழண்டுடுங்க. நாலு பக்கமும் போல்ட்டு. பட்டாளத்து ஏலத்துல எடுத்த அச்சு. கண்ணாடிப் பெட்டியோட எத்தனை நாள் சத்திரத்துல படுக்கிறது? அதான் நானே செஞ்சுட்டேன்."

வாசலில் படுதாதான் தொங்கியது. அவள் அதை விரலால் விலக்கினாள். "நிலையே இல்லையே..."

"கனம்னு வுட்டுட்டேன்."

"வெள்ளிக்கெழம எதுல மஞ்ச பூசுவாங்க?"

"பூச ஆளு எங்க இருக்கு?"

அவள் சட்டென்று மழையைப் பார்க்கத் திரும்பினாள்.

மழை விட்டதும் தன் மாடுகளையும் சேர்த்துப் பூட்டி அந்த வீட்டைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டாள். "அடுத்த மழைக்குள்ள வூடு போய்ச் சேருங்க" என்றாள். அதற்குள் 'யோவ்' போய்விட்டிருந்தது.

கார்த்திகையில் உத்திராபதியின் அண்ணன் உடையார்பாளையத்திலிருந்து பெண் கேட்டு வந்தார். தூரத்துச் சொந்தம்தான், முறையும் சரியாக இருந்தது. பிச்சைமுத்து ஒரே வார்த்தையில் முடித்தார்.

"நிலையில்லாத வூட்டுக்கு எம்பொண்ணைக் குடுக்க முடியாதுங்க."

அண்ணன் அதை அப்படியே வந்து சொன்னார். உத்திராபதி அன்றே அரியலூரில் தச்சரைப் பார்த்தான்.

அடுத்த வாரம் வண்டி வீடு பிச்சைமுத்துவின் வாசலில் வந்து நின்றது. படுதாவைக் காணோம். வேப்பமரத்தில் முழு நிலை, படியோடு.

"நிலை வெச்சுட்டேன் மாமா."

பிச்சைமுத்து நிலையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "தம்பி... நான் சொன்ன நிலை இது இல்லப்பா. ஒரு எடத்துல நிலையா இருக்கறதைச் சொன்னேன்."

உத்திராபதியின் முகம் காது வரை சிவந்தது. இவ்வளவு பெரிய மரத்தைச் சுமந்து வந்தது ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டதால்தான்... மாட்டைத் திருப்பப் போனான்.

"நில்லுங்க."

கொளஞ்சி மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். குனிந்து, நிலைப்படி முழுவதும் பூசி, குங்குமம் வைத்தாள்.

"என்ன பண்றே?" என்றார் அப்பா.

"வெள்ளிக்கெழமப்பா. படிய வெறுமனே வுடக் கூடாது." குரல் தணிந்தது. "எனக்கு இந்த நிலை போதும்."

உத்திராபதி மெதுவாகச் சொன்னான்: "அன்னிலேருந்து உள்ள வெங்காய வாசனை போகலைங்க. போயிடக் கூடாதுன்னு நானும் கழுவலை..."

அவள் முந்தானையால் சிரிப்பை மறைத்தாள். கண்களை மறைக்க முடியவில்லை.

பிச்சைமுத்து நிலையில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி அசைந்தது. நிலை அசையவில்லை. இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அடுத்த சந்தை நாளில் வண்டி ஆண்டிமடம் போனது. ஓட்டியது கொளஞ்சி.