பொருந்தாத போர்டு

"மேடம், இன்னிக்கு சாயங்காலத்தோட எனக்கு வேலை போயிடும்" என்று சொல்லிக்கொண்டேதான் ஜோஸ்பின் கடைக்குள் நுழைந்தாள்.

கலைமணி, மகளிர் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தருமபுரியில் மனு எழுதிக் கொடுக்கும் கடை ஒன்றை நடத்துகிறார். கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷினும், அதைப் பார்த்துக்கொள்ள அருள்குமாரும் உண்டு. அருள்குமாருக்கு நாற்பது வயது. மெஷினில் பேப்பர் சிக்கினால்கூட அதற்குப் பின்னால் ஏதோ சதி இருப்பதாக நம்புகிற ஆள். வேலை போகிற செய்தி காதில் விழுந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உட்காரும்மா. முதல்ல மூச்சு வாங்கு" என்றார் கலைமணி.

ஜோஸ்பின் ஒரு கம்ப்யூட்டர் கடையின் பின்னறையில் வேலை பார்ப்பவள். வாடிக்கையாளர் கேட்கும் பாகங்களை ஒன்றாகச் சேர்த்து மாட்டிக் கொடுப்பது அவள் வேலை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"நேத்து ஏரியூர்லேர்ந்து மாதவராஜ்னு ஒருத்தர் வந்தாருங்க. போர்வெல் வண்டி வெச்சிருக்காரு. வூட்ல படம் பார்க்க, கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர், நாப்பதாயிரத்துக்குள்ள வேணுமின்னாரு. லிஸ்ட்டும் அவரே கொண்டாந்துட்டாரு. ஆனா இந்த லிஸ்ட்டை வெச்சு கம்ப்யூட்டர் ஓடாதுங்க."

"ஏன்?"

"பிராசசர் ஒரு கம்பெனி, அது உட்கார வேண்டிய மதர்போர்டு வேற கம்பெனி. ஒண்ணு மேல ஒண்ணு உட்காரவே உட்காராது. அது போக, இந்த பிராசசர்ல தானா படம் காட்டற வசதி கிடையாது. தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆகணும். லிஸ்ட்டுல கார்டே இல்லை. கேம் ஆட வாங்கற கம்ப்யூட்டருக்குங்க!"

"ஓனர் எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னாருங்க. அந்தாளு சண்டைக்கு வந்துட்டாரு. எம் பொண்டாட்டி கம்ப்யூட்டர் படிச்சவ, அவ எழுதினது தப்பா இருக்காது, பொருந்தலைன்னா வூட்டுக்கு வந்து அவகிட்டயே காட்டுங்கன்னு கத்தினாரு. ஓனர் என்னைப் போகச் சொல்லிட்டாரு. பிரிச்ச போர்டு திரும்பி வந்தா மொத்த வியாபாரி எடுத்துக்க மாட்டாரு, அப்புறம் உனக்கு இங்க வேலை இல்லைங்கறாரு."

அருள்குமார் தொடையைத் தட்டினார். "புரிஞ்சு போச்சு மேடம்! பொருந்தாத சாமானை வாங்கறது, உடைச்சிட்டாங்கன்னு சொல்லி நஷ்டஈடு கேட்கறது. பெரிய கும்பலா இருக்கும்."

"கும்பல் கிடக்கட்டும், நீங்க டீ சொல்லுங்க" என்றார் கலைமணி. அருள்குமாரின் முகம் சுருங்கியது.

கலைமணி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் கோலம் போடுவதைப்போல நிதானமாக வரையப்பட்டிருந்தன. "இது அந்தம்மா கையெழுத்தா?"

"இல்லைங்க. அவங்க எழுதினதைப் பார்த்து அவரே காப்பி எடுத்தாராம். பொம்பள கையெழுத்து எதுக்கு வெளிய போகணும்னு கேட்டாரு. நான் உள்ளருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"நீ வெளியே வரவே இல்லையா?"

"கஸ்டமர் யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்க மேடம். பேரு பில்லுல கூட வராது."

"சரி. மிச்ச சாமானெல்லாம் எப்படி?"

ஜோஸ்பின் யோசித்தாள். "அதாங்க எனக்கே புரியலை. மெமரி ஒரே பெரிய குச்சியா கேட்காம ரெண்டு சின்னதா கேட்டிருக்காங்க, அதுதான் வேகம். பவர் சப்ளை அளவா இருக்கு, கேபினட் சைஸ் சரியா இருக்கு. இந்த போர்டுலயே பழைய மெமரிக்கு ஒண்ணு, புது மெமரிக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை வரும். எங்க கடையிலயே சில நேரம் தப்பா மாத்திக் கொடுத்துடுவாங்க. இவங்க கரெக்டா பழையதைக் கேட்டு, அதுக்கேத்த மெமரியும் கேட்டிருக்காங்க."

"அவர் வேற என்ன பேசினார்?"

"நெட் வராத மாதிரி கொடுங்கன்னாரு. பென் டிரைவ்ல நானே படம் கொண்டாந்து போடறேன், கேம் ஆடட்டும், வெளிய போகணும்னு கேட்க மாட்டா பாருங்கன்னு சிரிச்சாரு. அப்புறம், மாட்டறதுக்கு ஆம்பள வேணாம், உங்க கடையில பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்காமே, அதை அனுப்புங்கன்னாரு."

கலைமணி தாளைக் கீழே வைத்தார். வந்த டீயை ஆறவிட்டு, யாரிடமோ ஐந்து நிமிடம் போனில் பேசினார். பிறகு அருள்குமாரிடம் காரை எடுக்கச் சொன்னார்.

"ஜோஸ்பின், நீ பின்னறையில வேலை பார்க்கறது யாருக்கெல்லாம் தெரியும்?"

"வூட்டுக்கு. அப்புறம் காலேஜ்ல கூடப் படிச்ச மூணு பேருக்கு. ஏங்க?"

"அங்கே தெரிஞ்ச முகம் இருந்தா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. நான் உன் கடை சூப்பர்வைசர்."

ஏரியூரைத் தாண்டித் தோட்டத்துக்குள் தனியாக நின்றது வீடு. இரும்புக் கேட்டில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்கியது. வண்டிச் சத்தம் கேட்டு, பக்கத்து ஷெட்டிலிருந்து மாதவராஜ் வந்து இடுப்புச் சாவியால் திறந்தான். "நாய்த் தொல்லைங்க, அதான் பூட்டி வெக்கிறது" என்றான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு நாயும் இல்லை. அருள்குமாரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மற்றவர்களை உள்ளே விட்டுத் திரும்பவும் பூட்டினான்.

கூடத்தில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பகல் இரண்டு மணிக்கு டியூப் லைட் எரிந்தது. உள்ளறையிலிருந்து வந்த பெண்ணை ஜோஸ்பினுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. காவியா! கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவள். தை மாதம் கல்யாணம் ஆகி, சில மாதங்களில் அவள் போன் நம்பர் செத்துப்போயிருந்தது. நன்றாக இளைத்திருந்தாள். ஜோஸ்பினைப் பார்த்தும் பார்க்காததுபோல் சுவரோரம் நின்றாள்.

ஜோஸ்பின் தரையில் துணி விரித்து போர்டைப் பிரித்தாள். பிராசசரை அதன் மேலே பிடித்துக் காட்டினாள். "பாருங்க. போர்டு பக்கமும் முள்ளு, பிராசசர் பக்கமும் முள்ளு. எப்படிங்க உட்காரும்?"

மாதவராஜ் குனிந்து பார்த்தான். அது அவனுக்கே விளங்கியது. "படிச்சவன்னு பீத்திக்கிட்டியே, இதானா உன் படிப்பு?" என்று மனைவி பக்கம் திரும்பினான்.

"அவ தப்பு பண்ணலைங்க" என்றார் கலைமணி. "தெரியாதவங்க தப்பு பண்ணினா எல்லா இடத்திலயும் பண்ணுவாங்க. இந்த லிஸ்ட்டுல கடைக்காரங்களே கோட்டை விடற இடமெல்லாம் சரியா இருக்கு. முதல் நாள் சொல்லிக் கொடுக்கற பாடத்துல மட்டும் ரெண்டு தப்பு. அப்போ அது தெரிஞ்சு பண்ணினது."

"எதுக்குங்க பண்ணணும்?"

"கடையிலேர்ந்து ஆள் வரணுமின்னு. எல்லாம் பொருந்தியிருந்தா கடையிலயே மாட்டி உங்க கையில கொடுத்து அனுப்பியிருப்பாங்க. பொருந்தலைன்னாத்தான் வூட்டுக்கு வந்து காட்டணும். அவங்க எழுத்தைக்கூட வெளிய விடாத நீங்க, அர்த்தம் தெரியாம அதையே எழுத்து எழுத்தா காப்பி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தீங்க. அந்தக் கடையில ஒரு பொண்ணு வேலை பார்க்கறது ஊருக்கே தெரியாது. உங்களுக்கு யார் சொன்னது?"

மாதவராஜின் பார்வை ஜோஸ்பினிலிருந்து காவியாவுக்குப் போய் மறுபடி திரும்பியது. "ஓ, ஏற்பாடா?" என்று மெல்லச் சொன்னான். "யாரை என்ன பண்ணிட்டேன்? அடிச்சேனா? சோறு போடலையா? கம்ப்யூட்டர் வாங்கித் தர்றவன் கெட்டவனா?"

கலைமணி காவியா பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா, இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டுத்தான் வந்திருக்கேன். ஏரியூர் ரோட்டுல ஜீப் நிக்குது. ஆனா நீ வாயைத் திறந்து சொன்னாத்தான் அவங்க உள்ள வர முடியும். நான் ஊகிச்சது எதுக்கும் உதவாது."

காவியா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போகப் போக, அவள் சொல்லமாட்டாளோ என்ற பயம் ஜோஸ்பினைப் பிடித்துக்கொண்டது. தன் வேலையை நினைத்துக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

"சொல்லு, ராணி மாதிரிதானே வெச்சிருக்கேன்?" என்றான் மாதவராஜ்.

காவியா நிமிர்ந்தாள். "எட்டு மாசமா நான் அந்தக் கேட்டைத் தாண்டலைங்க மேடம். எங்க அம்மாகிட்ட பேசி அஞ்சு மாசம் ஆச்சு. போனைக் கிணத்துல போட்டுட்டாரு. அம்மா வந்தப்போ நான் ஊர்ல இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டாரு, நான் இந்த ஜன்னலுக்குப் பின்னாடிதான் நின்னேன்." சுவரை விட்டு முன்னால் வந்தாள். "நான் போறேன். இப்பவே போறேன்."

மாதவராஜ் சாவியை இறுக்கிப் பிடித்தான். கலைமணி போனில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவனைப் பார்த்தார். "ஜீப் வந்து கேட்டை உடைக்கறதுக்கு முன்னாடி நீங்களே திறந்தா உங்களுக்கு நல்லதுங்க." அவன் போய்த் திறந்தான். அதற்குள் ஜீப்பும் வந்துவிட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் அவனோடு அங்கேயே நின்றுகொண்டார்கள்.

காரில் காவியாவும் ஜோஸ்பினும் பின்சீட்டில் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். "ஓனர் என்ன வேணா சொல்லட்டும்டி" என்று ஜோஸ்பின் ஒருமுறை சொன்னாள்.

பென்னாகரத்தில் காவல் நிலைய வாசலில் கார் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். காவியா மட்டும் இறங்கவில்லை. கைகளை மடியில் கோத்து, மூடியிருந்த கார் கதவைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பயந்துட்டாங்க போல" என்று அருள்குமார் ஓடிவந்து வெளியிலிருந்து கதவில் கை வைத்தார். கலைமணி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். பாதி இறங்கியிருந்த கண்ணாடி வழியே குனிந்தார்.

"என்ன கண்ணு?"

"நானே திறந்துக்கலாமுங்களா?" என்று கேட்டாள் காவியா.