அம்மனுக்குச் செய்த இதயம்

“சிஸ்டர், உன் நெஞ்சு நல்லா சத்தமா அடிக்குது. அத எனக்குக் குடுத்துடுறியா?”

வார்டில் ஊசி போட வந்த இளவரசியின் மார்பில் காதை வைத்துக்கொண்டு சுவேதா ஒரு நாள் கேட்டாள். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை. இளவரசி சிரித்துக்கொண்டே, “எடுத்துக்கடி, எனக்கு இன்னாத்துக்கு அது?” என்றாள். ஊசி வலி மறக்கட்டும் என்று நர்ஸ்கள் பிள்ளைகளிடம் எதையாவது சொல்வதுதான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிற அன்று, சுவேதாவின் அம்மா புவனேஸ்வரி ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். உள்ளே வெள்ளி இதயம். கல்யாணப் பத்திரிகையில் போடும் இதயம் அல்ல. டாக்டர் அறைப் படத்தில் இருப்பதுபோல, குழாயும் நரம்புமாய், ஒரு பக்கம் சரிந்த நிஜ இதயம்.

“பாகூர் பத்தர்கிட்ட ஸ்கேன் படத்தக் காட்டிச் செஞ்சேன். புள்ள பொழைச்சா உருவம் சாத்துறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டது.”

“அப்ப கோயில்ல சாத்துக்கா. எனக்கு இன்னாத்துக்கு?”

“அம்மன நான் எங்க பார்த்தேன்? உன்னத்தான் பார்த்தேன். போட்டுக்க.”

அதுவரை யாரும் அவளுக்கு எதுவும் கொடுத்ததில்லை. சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டாள்.

செலியமேட்டில் அவள் தனியாகக் குடியிருந்த அறையில், குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டுவாள். திரும்பி வந்து தொட்டால் வெள்ளி சில்லென்று இருக்காது. தூங்கும் பூனையின் வயிறுபோல வெதுவெதுப்பாக இருக்கும். ஆடி வெயிலுக்கு ஷீட்டுக் கூரை கொதிக்கிறது, வெள்ளி சுடாதா என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

அன்று ஆடி வெள்ளி. குளித்துவிட்டு ஈரத் தலையோடு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கோயில் ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் நின்றது, மின்விசிறி முனகி ஓய்ந்தது, கரும்புத் தோட்டத்துச் சேற்று வாடை ஜன்னல் வழியே மெதுவாக உள்ளே வந்தது, அந்த அமைதிக்குள், சுவர்ப் பக்கமிருந்து, ஈரத் துணியைக் கல்லில் மெல்ல அறைவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

லப் டப். லப் டப்.

ஆணியில் தொங்கிய சங்கிலி அசைந்துகொண்டிருந்தது.

கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. தினமும் எத்தனையோ பேருக்கு நாடி பிடித்த விரல். தடவியது. அழுத்தியது. இல்லை. கழுத்தில் வைத்தாள். இல்லை. பையைக் கவிழ்த்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்தாள். தூர்ந்த கிணற்றுக்குள் காதை வைத்ததுபோல இருந்தது.

சங்கிலியைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டினாள். நாடி வந்தது. கழற்றினாள். போனது. மறுபடி மாட்டினாள்.

இனிமேல் கழற்றவே கூடாது. குளிக்கும்போதும் கூடாது. செத்தாலும்.

கதவு தட்டும் சத்தம். காதில் மாட்டிய ஸ்டெதஸ்கோப்போடே போய்த் திறந்தாள்.

புவனேஸ்வரி. அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள். இடுப்பில் சுவேதா. பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது.

“மறுபடியும் மூச்சு முட்டுது சிஸ்டர். அம்மனோடத அம்மனுக்கே சாத்திடுறேன். குடுத்துடும்மா.”

“முதல்ல ஆம்புலன்ஸக் கூப்புடுக்கா!”

“கூப்ட்டுட்டேன். வரட்டும். நீ அதக் குடு.”

“விளக்கு வச்ச நேரத்துல வெள்ளியக் குடுக்கக் கூடாதுக்கா.” இளவரசி கழுத்துச் சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டாள். “நாளைக்கே பத்தர்கிட்டப் போய் இதவிடப் பெருசாச் செஞ்சு தரேன். உன் கால்ல விழறேன். இது மட்டும் வேணாம்.”

சுவேதா கையை நீட்டினாள். நீலம் பாரித்த நகங்கள்.

“எடுத்துக்கன்னு நீதான சொன்ன?”

சின்ன விரல்கள் மூடின. ஒரு இழுப்பு. சங்கிலி அறுந்தது.

நகம் சிவந்தது. உதடு சிவந்தது. பிள்ளை நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தது.

இளவரசி கத்தினாள். சத்தம் வரவில்லை. கால்கள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தன.

புவனேஸ்வரி மகளின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்து இளவரசியைப் பார்த்தாள். வெளுத்துக்கொண்டே போகும் அந்த முகத்தை, அசையாத அந்த மார்பை, நன்றாகப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

முந்தானையை இழுத்துப் பிள்ளையின் மூடிய கையை மறைத்தாள். தெருவில் இறங்கி நடந்தாள்.

இளவரசியின் காதில் ஸ்டெதஸ்கோப் இன்னும் மாட்டியிருந்தது. அதன் முனை அவள் நெஞ்சில்தான் இருந்தது. லப் டப். சத்தம் தெரு அடிப்பம்பைத் தாண்டியது. லப் டப். திருப்பத்தைத் தாண்டியது.