கணினியின் தலையில் பச்சைப் பொட்டலம்

எங்கள் ஊரில் இயந்திரங்களுக்குத் தின்பண்டம் வைப்பது வழக்கம்.

சிரிக்காதீர்கள். வங்கியில் பணம் கொடுக்கும் இயந்திரத்தின் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். மருத்துவமனையில் எக்ஸ்ரே பெட்டியின் மேல் ஒன்று. துறைமுகத்துப் பாரந்தூக்கியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒன்று. உள்ளே தேங்காய் மணக்கும் சோளப்பொரி. பொட்டலத்தின் பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்றுதான் அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டே இயந்திரம் சமர்த்தாக வேலை செய்யும்.

பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் இயந்திரம் சோம்பேறியாகிவிடும். சிவப்பு வைத்தால் நின்றேவிடும். முக்கியமான விஷயம், அதை யாரும் தின்னக் கூடாது.

நான் மீன்பிடிக் கப்பலில் இருந்தபோது எங்கள் சமையல்காரன் தின்றுவிட்டான். மீன் காட்டும் கருவியின் மேல் இருந்த பொட்டலம் அது. அதற்குப் பிறகு மூன்று நாள் அந்தக் கருவி மீனையே காட்டவில்லை. மேகத்தைத்தான் காட்டியது. வேறு வழியில்லாமல் பதினொரு டன் மேகத்தைப் பிடித்துக்கொண்டு கௌசியுங் துறைமுகத்துக்குத் திரும்பினோம். வாங்க ஆள் இல்லை.

இந்தக் கதையைத் தௌதௌவிடம் நான் சொல்லியிருக்க வேண்டாம்.

தௌதௌ எங்கள் கீழ்வீட்டுப் பையன். ஆறு வயது. அவனுடைய அக்கா யுன்-தாங்குக்குப் பதினொன்று. அம்மா மீன் உறைய வைக்கும் ஆலையில் வேலை செய்கிறாள். அப்பா தூரக்கடல் மீன்பிடிக் கப்பலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. கப்பல் ஏதாவது ஒரு துறைமுகத்தைத் தொடும்போதெல்லாம், பிள்ளைகளுக்கு ஒரு கதையைத் தன் குரலிலேயே பதிவு செய்து அனுப்புவான். இதுவரை பதினேழு கதைகள். பதினேழும் பச்சைப் பொய். அருமையான பொய்கள்.

அவை அம்மாவின் கைப்பேசிக்குத்தான் வந்தன. போன மாதம் அந்தக் கைப்பேசி ஆலையில் ஐஸ் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனது. நல்லவேளையாக, யுன்-தாங் எல்லாவற்றையும் வீட்டுக் கணினியில் போட்டு வைத்திருந்தாள். வேறெங்கும் இல்லை.

சனிக்கிழமை காலை அந்தக் கணினி எழுந்திருக்கவில்லை.

பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிச் சுற்றிக் களைத்து, திரை கறுத்துவிடும். மறுபடி வட்டம். மறுபடி கறுப்பு.

அம்மா கணினியின் தலைமேல் இருந்த பச்சைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். காற்றுப்போல லேசாக இருந்தது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் சுத்தமாகக் கிழிந்திருந்தது.

"தௌதௌ!"

மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "மூணே மூணுதாம்மா தின்னேன்."

"மூணா?"

"முதல்ல மூணு. அப்புறம் மூணு. அப்புறம் எண்ணல."

அம்மா அவனைத் திட்டிய திட்டு மாடியில் எனக்குக் கேட்டது. நான் கீழே இறங்கி வந்தேன். கடை திறக்கப் போய்க்கொண்டிருந்த ஷி-லுங்கும் சத்தம் கேட்டு உள்ளே வந்தான். தெருமுனையில் கணினி பழுது பார்க்கும் கடை அவனுடையது.

"கடைசியா என்ன நடந்துச்சுக்கா?" என்று அம்மாவிடம் கேட்டான்.

"இவன் பொட்டலத்தைத் தின்னுட்டான்."

ஷி-லுங் தலையாட்டினான். மருத்துவர்கள் காய்ச்சலைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்களே, அப்படி. "அப்ப சரிதான். எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம். நாலு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போறேன்."

"துடைச்சா, உள்ள இருக்கிற கதையெல்லாம்?"

"அதுவும் போயிடும்க்கா. அவரைத் திருப்பிச் சொல்லி அனுப்பச் சொல்லுங்களேன்."

அம்மா கிழிந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். அவள் கணவனை எனக்குத் தெரியும். ஒரே பொய்யை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்கிற ஆள் இல்லை அவன்.

அம்மா வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள். "ஹுங் மாமா, ஒரு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் பசங்களைப் பாத்துக்குங்க." ஷி-லுங் போனான். நான் நாற்காலியில் சாய்ந்து தூங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கும் தூக்கம் அது. கப்பலில் கற்றது.

தௌதௌ அழவில்லை. தன் அலமாரியைத் திறந்தான். அங்கே அவனுக்கென்று ஒரு பொட்டலம் இருந்தது. மஞ்சள் பொட்டலம், மசாலாச் சுவை. அதையும் கிரேயான் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பச்சைக் கிரேயானால் பொட்டலத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். அரை மணி நேரம் தேய்த்தான். பொட்டலம் ஓரளவு பச்சையானது. அவன் மூக்கு முழுவதும் பச்சையானது.

பிறகு முக்காலியில் ஏறி, பொட்டலத்தைக் கணினியின் தலையில் வைத்தான். மெதுவாகப் பேசினான்.

"தின்னது நான்தான். கோபம்னா என்னைக் கோச்சுக்கோ. அப்பாவை விட்டுடு."

யுன்-தாங் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயாடிப் பெண் அவள்.

"தௌதௌ, அந்தப் பொட்டலத்தை நீ எப்போடா தின்ன?"

"வியாழக்கிழமை. நீ பல் தேய்க்கப் போனப்ப."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாம அப்பா கதை கேட்டோமே. அப்ப நல்லாத்தானே ஓடுச்சு?"

தௌதௌ யோசித்தான். "கோபம் மெதுவா வந்திருக்கும்."

"இல்லடா." அவள் தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அது உன்னால இல்ல. என்னால."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அவர்கள் வீட்டு அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். கணினி ஓடினால் ரைஸ் குக்கர் ஓடாது. குக்கர் ஓடினால் கணினி ஓடாது. மாலையில் அரிசி வைப்பது யுன்-தாங்கின் வேலை. வெள்ளிக்கிழமை கதை கேட்டு முடித்ததும் கணினி தானாகவே அப்டேட் ஆகத் தொடங்கியது. 'அணைக்காதீர்கள்' என்று திரையில் எழுத்து. முப்பத்தொரு சதவீதம். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள் அரிசியை மறந்துவிட்டாள். திடீரென்று வாசலில் அம்மாவின் ஸ்கூட்டர் சத்தம். யுன்-தாங் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குக்கரின் பிளக்கைச் செருகினாள்.

அன்று இரவு எனக்கும் அங்கேதான் சாப்பாடு. பாதி வெந்த சாதம். அதில் ஒரு பருக்கையைக் கடித்து எனக்கு இரண்டு பல் போயிற்று. ஒன்று என்னுடையது.

"ஏன் காலைல சொல்லல?" என்றான் தௌதௌ.

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. ஆனா நான் சொல்லிட்டேன்."

யுன்-தாங் சிறிது நேரம் அவனுடைய பச்சை மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள். "ஹுங் தாத்தா, நீங்க தூங்கலன்னு தெரியும். போனைக் கொடுங்க."

கொடுத்தேன்.

"ஷி-லுங் மாமா, யுன்-தாங் பேசறேன். பொட்டலம் காரணமில்ல. நேத்து அது அப்டேட் ஆகிட்டிருந்தப்ப நான் பிளக்கைப் பிடுங்கிட்டேன். முப்பத்தோரு சதவீதத்துல."

மறுமுனையில் ஷி-லுங்கின் குரல் எனக்கும் கேட்டது.

"ஏம்மா, காலைல நான் கேட்டப்ப நீ எங்க இருந்த?"

"உங்க பக்கத்துலதான்."

"ம்… அப்ப இது வேற வியாதி. இப்ப ஒரு கை புதுச் சட்டையில, ஒரு கை பழைய சட்டையில மாட்டிக்கிட்டு நிக்குது அது. எப்படி வெளியில வரும்? புதுச் சட்டையைக் கழட்டிவிட்டாப் போதும்."

"கதையெல்லாம் போகாதே?"

"அநேகமாப் போகாது. ஆனா நான் இங்க ஒரு கடையில ஏணி மேல நிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்க. நீயே செய்வியா?"

யுன்-தாங் எழுதிக்கொண்டாள். கடைசியில் அவன் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். "ஆரம்பிச்சப்புறம் பிளக்கை யாரும் தொடக்கூடாது. வீடே ஆடினாலும் தொடக்கூடாது."

அவள் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றத் தொடங்கியதும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து அணைத்தாள். இப்படி மூன்று முறை. நான்காவது முறை, தனக்கு ஏதோ சரியில்லை என்று கணினிக்கே புரிந்துபோனது. ஒரு நீலப் பக்கத்தைத் திறந்து, என்ன செய்யலாம் என்று கேட்டது.

அதில் ஓரிடத்தில் 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கு' என்றிருந்தது. அதைத் தொட்டுவிடாமல் விரலை மடக்கிக்கொண்டாள். இன்னும் உள்ளே போனாள். 'கடைசி அப்டேட்டை நீக்கு.' எழுதி வைத்ததையும் திரையையும் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகுதான் அழுத்தினாள்.

புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. எவ்வளவு நேரம் ஆகும் என்று திரையில் இல்லை.

பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. யாருக்கும் சாப்பாடு நினைவே வரவில்லை. அதாவது, எனக்கு வந்தது. நான் சொல்லவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

அம்மா உள்ளே வந்தாள். மேசைக்குக் கீழே காலியாகக் கிடந்த குக்கரைப் பார்த்தாள். "என்ன இது, இன்னும் அரிசி வைக்கலையா?" அவள் கை பிளக்கை நோக்கிப் போனது.

யுன்-தாங் ஓடிப்போய்ச் சுவரை மறைத்து நின்றாள். இரண்டு கைகளையும் விரித்தபடி.

"தொடாதம்மா!"

"என்னடி ஆச்சு உனக்கு?"

"நேத்து நான்தான் பிடுங்கினேன். அப்டேட் ஆகும்போது பிடுங்கினேன். அதனாலதான் ஓடல. தௌதௌ ஒண்ணும் பண்ணல. இப்ப சரி பண்ணிட்டிருக்கேன். தொடாத!" எல்லாம் ஒரே மூச்சில்.

அம்மா திரையைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள். நான் எத்தனையோ புயல் பார்த்தவன். அவை வருவதற்கு முன் கடல் இப்படித்தான் அமைதியாக இருக்கும்.

"அதான் நேத்து சாதம் ரப்பர் மாதிரி இருந்துச்சா?"

"ஆமா."

"காலைல அவனைத் திட்டும்போது வாயைத் திறக்கலையே, ஏன்?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அம்மா முக்காலியை இழுத்தாள். பிளக்குக்குப் பக்கத்தில் போட்டு, காவல்காரியைப்போல உட்கார்ந்தாள். "சரி. யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஹுங் மாமா, உங்களுக்கும் சேத்துத்தான்."

பிறகு தௌதௌவைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவனுடைய பச்சை மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, மூக்கு போயிடும்," என்றான் அவன்.

மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது திரை கறுத்தது. வட்டம் வந்தது. சுற்றியது. சுற்றியது. பிறகு, அப்பாவின் கப்பல் படம் திரை முழுவதும் விரிந்தது. அவர்கள் எப்போதும் வைத்திருக்கும் படம்.

யுன்-தாங் எண்ணினாள். "…பதினஞ்சு, பதினாறு, பதினேழு." முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தாள். என் கைப்பேசியிலும் ஏற்றினாள். அதன் பிறகுதான் ஒன்றைப் போட்டாள். கடல் இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது.

"தௌதௌ, யுன்-தாங், தூங்கிட்டீங்களா? இன்னிக்கு ஒரு சூரை மீன் எங்க கப்பல் பக்கத்துல வந்து வழி கேட்டுச்சு…"

"எந்த மீனாவது வழி கேக்குமா தாத்தா?" என்றான் தௌதௌ.

"கேக்கும். என்கிட்டயும் கேட்டிருக்கு. மரியாதையான மீன்," என்றேன்.

கதை முடிந்த கொஞ்ச நேரத்தில் ஷி-லுங் பெரிய பையோடு வந்தான். ஓடிக்கொண்டிருந்த கணினியைப் பார்த்தான். அதன் தலையைப் பார்த்தான். முகம் மாறியது.

"இது யாரு வச்சது? இது மஞ்சளாச்சே!"

"பச்சைதான் மாமா," என்றான் தௌதௌ.

ஷி-லுங் பொட்டலத்தை எடுத்து ஒரு மூலையை விரலால் தேய்த்தான். மஞ்சள் தெரிந்தது. தௌதௌவின் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் தீவிரமாக யோசித்தான்.

"பச்சைதான்," என்றான். "அந்தக் கிரேயானைக் கொடு. இந்த மூலை கொஞ்சம் வெளுத்திருக்கு."

அவன் தீட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, யுன்-தாங் கணினியை முறைப்படி அணைத்தாள். திரை முழுவதும் கறுக்கும்வரை பார்த்தாள். அப்புறம் பிளக்கை மெதுவாக எடுத்துவிட்டு, குக்கரின் பிளக்கைச் செருகினாள்.

அன்று நாங்கள் ஐந்து பேரும் மதியச் சாப்பாட்டை ஐந்து மணிக்குச் சாப்பிட்டோம். சாதம் பூப்போல வெந்திருந்தது.